பக்கத்து மேஜைக்கு வழியில்லை

இருபத்துநான்கு துளைகள் உள்ள ஓர் இரும்புப் பெட்டியை வைத்து ஓர் அலுவலகத்தையே ஊமையாக்கிவிடலாம் என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்கள் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குழாய் ரிப்பேருக்குப் போயிருப்பேன். குழாய் வேலையில் அடைப்பை எடுத்தால்தான் பாராட்டுவார்கள். எங்கள் தொழிலில் அடைத்தாலும் கைதட்டுகிறார்கள்.

நான் அலுவலகங்களுக்கு நெட்வொர்க் கம்பி இழுப்பவன், சுவிட்ச் மாட்டுபவன். சுவிட்ச் என்றால் விளக்குப் போடுகிற சமாசாரம் இல்லை. ஒரு மாடியில் உள்ள கம்ப்யூட்டர்களின் கம்பியெல்லாம் வந்து சேருகிற பெட்டி. அதன் ஒவ்வொரு துளைக்கும் போர்ட் என்று பெயர். எந்தப் போர்ட் எந்தப் போர்ட்டோடு பேசலாம், எது பேசக் கூடாது என்பதையெல்லாம் அதற்குச் சொல்லிவைக்கலாம். சொன்னதைக் கேட்கும். வீட்டில் எனக்குக் கிடைக்காத மரியாதை அது.

ஆள் விவர அலுவலகத்திலிருந்து போன வருடம் அழைப்பு வந்தது. அங்கே இரண்டு பிரிவுகள். காணாமல் போனவர்களைப் பற்றி வீட்டார் எழுதிக்கொடுப்பது ஒரு பிரிவில். தெருவில், பஸ் நிலையத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் பெயர் தெரியாமல் கண்டெடுக்கப்பட்டவர்களைப் பதிவது இன்னொரு பிரிவில். முன்னதை ஒரு கணவர் பார்த்தார், பின்னதை அவருடைய மனைவி பார்த்தார். இரண்டு மேஜையும் முதுகோடு முதுகு. மூன்றாவதாக ஒப்பீட்டு மேஜை என்று ஒன்று உண்டு. அங்கே இருந்த அம்மா தினமும் காலையில் இரண்டு பட்டியலையும் திறந்துவைத்துக்கொண்டு, இந்த மச்சமும் அந்த மச்சமும் ஒன்றா, இந்தத் தழும்பும் அந்தத் தழும்பும் ஒன்றா என்று பார்ப்பார். ஒத்துப்போனால் பொருத்தச் சான்று எழுதுவார். அதைக் காட்டினால் கண்டெடுத்தவர்களை வைத்திருக்கிற காப்பகத்தின் கேட் திறக்கும், ஆள் வீடு போய்ச் சேருவார். முப்பது நாளுக்குள் சான்று வராதவர்களைக் காப்பகத்தில் வைத்திருக்க மாட்டார்கள். தொலைதூர இல்லங்களுக்குப் பிரித்து அனுப்பிவிடுவார்கள். யார் எங்கே போனார் என்று பிறகு யாருக்கும் தெரியாது.

நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. தபால் பிரிவில் ஒருவர், உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று வந்த மின்னஞ்சலை ஆசையாகத் திறந்தார். மாலைக்குள் பத்தொன்பது கம்ப்யூட்டரும் படுத்துவிட்டன.

இயக்குநர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். வழுக்கையும் மென்மையான குரலும் உள்ள மனிதர். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்துப் பயந்திருக்க வேண்டும்.

"ஒரு மெஷினுக்குச் சளி பிடிச்சா இன்னொண்ணுக்கு ஒட்டக் கூடாது தம்பி. ஆனா எல்லாருக்கும் இன்டர்நெட் வேணும். முடியுமா?"

"முடியும் சார். போர்ட்டை எல்லாம் தனித்தனியாப் பிரிச்சு வச்சுடலாம். ஒவ்வொரு மெஷினும் வெளியே போற கம்பியோட மட்டும்தான் பேசும். பக்கத்துல இன்னொரு மெஷின் இருக்கறதே அதுக்குத் தெரியாது."

"இருக்கறதே தெரியாது," என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொள்வதுபோல இருந்தது.

"ஆனா சார், அந்த ரெண்டு பிரிவும் ஒப்பீட்டு மேஜையும் மட்டும் ஒண்ணோட ஒண்ணு பேசற மாதிரி விட்டுடலாம். அவங்க வேலையே அதுதானே?"

"விதிவிலக்குன்னா என்ன தம்பி? கதவு போட்டுட்டு அதுல ஓட்டை போடறது."

நான் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் எல்லா ஊழியரையும் நிற்கவைத்து, ஐந்தாம் போர்ட்டில் ஒரு லேப்டாப், ஆறாம் போர்ட்டில் ஒரு லேப்டாப் செருகி, இதிலிருந்து அதைக் கூப்பிட்டுக் காட்டினேன். பதில் இல்லை. நான்கு தடவை கூப்பிட்டேன், நான்கு தடவையும் பதில் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். பதினாறு வருடத் தொழிலில் யாரும் எனக்குக் கைதட்டியதில்லை. கைதட்டலைக் கேட்டவன் வாயைத் திறப்பானா? ஐந்தும் ஆறும் ஒன்றையொன்று அறியா என்று சோதித்துச் சான்றளிக்கிறேன் என அவர்கள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். ஐந்தாவது கணவருடைய மேஜை, ஆறாவது மனைவியுடையது.

முதல் வாரமே பிரிண்டர் செத்தது. பிரிண்டருக்கும் ஒரு போர்ட் உண்டல்லவா, அது இருப்பதும் எந்த மெஷினுக்கும் தெரியாது. அதை மட்டும் திறந்துவிடுகிறேன் என்றேன். ஓட்டை என்றார் இயக்குநர். ஆகவே ஒவ்வொருவரும் தாம் அச்செடுக்க வேண்டியதை எதிர்ச்சாரியில் உள்ள ஜெராக்ஸ் கடைக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். பியூன் தெருவைக் கடந்து போய் வாங்கிவந்தார். பன்னிரண்டு அடி தூரத்தில் இருந்த பிரிண்டரின் மேல் யாரோ ஒரு பூச்சாடியை வைத்தார்கள்.

அடுத்து ஒப்பீட்டம்மா. அவருக்கு ஐந்தும் தெரியவில்லை, ஆறும் தெரியவில்லை. மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லலாமா என்று கேட்டார். இயந்திரங்களுக்குள் தடுக்கப்பட்டதை மனிதர்கள் கள்ளத்தனமாகச் செய்வது விதிமீறல் என்று சுற்றறிக்கை வந்தது. உலகத்தின் எந்த மூலைக்கும் எழுதலாம், பக்கத்து மேஜைக்கு மட்டும் கூடாது. அதனால் அவர் தினமும் பத்து மணிக்கு வந்து, காலியான ஒரு பட்டியலைக் காலியான இன்னொரு பட்டியலோடு ஒப்பிட்டு, பொருத்தம் இல்லை என்று அறிக்கை அனுப்பினார். அது உண்மைதானே, யாரும் குறை சொல்ல முடியாது.

பிறகு மேஜைகளுக்கு நடுவில் ஆளுயரத் தடுப்பு வந்தது. டீ குடிக்கிற நேரம் போர்ட் எண் வாரியாக மாற்றப்பட்டது. கணவனும் மனைவியும் வீட்டில் அலுவல் விஷயம் பேசுவதில்லை என்று உறுதிமொழி எழுதித்தந்தார்கள். எது அலுவல், எது வீடு என்று பிரிப்பதில் குழப்பம் வரவே, பத்திரமாக இருக்கட்டும் என்று பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். வீட்டில் சமையல் கேஸ் தீர்ந்துவிட்டதா என்று கணவர் இயக்குநருக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேட்பார். அதை இயக்குநர் மனைவிக்கு அனுப்புவார். தீர்ந்துவிட்டது என்று மனைவி இயக்குநருக்கு எழுதுவார்.

வருட முடிவில் பராமரிப்புக்குப் போயிருந்தபோது இயக்குநரின் உரையைக் கேட்கும் பாக்கியம் கிடைத்தது. தடுப்புகளுக்குள் நின்றபடி எல்லோரும் கேட்டார்கள். யாருடைய முகமும் யாருக்கும் தெரியவில்லை.

"போன வருஷம் எழுநூறு பேரை வீட்டுக்கு அனுப்பினோம்," என்றார் மென்மையாக. "எத்தனை புகார் வந்துச்சு தெரியுமா? லேட்டா அனுப்பினீங்க, சொல்லாம அனுப்பினீங்க, ரெண்டு பேரை மாத்தி அனுப்பினீங்க. இந்த வருஷம் ஒரு புகார் உண்டா? ஒண்ணுகூட இல்ல. ஏன்? ஒரு பொருத்தமும் போடல, அதனால ஒரு பிழையும் நடக்கல. ஆளை ஒப்படைக்கறது ரொம்ப ஆபத்தான வேலைங்க. அந்த ஆபத்தை நாம முழுசா நீக்கிட்டோம்."

எல்லாத் தடுப்புகளுக்குள்ளிருந்தும் தனித்தனியாகக் கைதட்டல் வந்தது. நானும் தட்டினேன்.

மூன்று வாரம் கழித்து என் அப்பா காணாமல் போனார்.

அப்பாவுக்கு எழுபத்துநான்கு வயது. ஒரு பெரிய கட்டடத்தில் முப்பது வருடம் லிப்ட் ஆபரேட்டராக இருந்தவர். இரண்டு வருடமாக மறதி. யாரைப் பார்த்தாலும் "எத்தனையாவது மாடி சார்?" என்று மரியாதையாகக் கேட்பார். கேபிளின் முனையில் மாட்டுகிற கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் முனைகளை என் பையிலிருந்து எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நாள் முழுக்க விரலால் உருட்டிக்கொண்டிருப்பார். திட்டியிருக்கிறேன். அந்தக் காலையில் என் மனைவி துணி காயப்போட மாடிக்குப் போன பத்து நிமிடத்தில், ஒரு காலில் தன் செருப்பும் ஒரு காலில் என் செருப்புமாக வெளியே போய்விட்டார்.

ஆள் விவர அலுவலகத்துக்கு ஓடினேன். தெரிந்த இடம், நான் மாட்டின சுவிட்ச், அதனால் தைரியமாகத்தான் ஓடினேன்.

"வாங்க, வாங்க, சுவிட்ச்காரரே," என்றார் கணவர். குரலைத் தாழ்த்தி, தடுப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நீலக் கட்டம் போட்ட சட்டை, கருப்புச் செருப்பு ஒன்று, பழுப்புச் செருப்பு ஒன்று, பையில் கேபிள் முனை பத்துப் பன்னிரண்டு.

"எப்ப சார் தெரியும்?"

"சாயங்காலம் மெசேஜ் வரும்."

வந்தது. பொருத்தம் இல்லை. மறுநாளும் வந்தது. நான் ஆஸ்பத்திரிகளிலும் பஸ் நிலையங்களிலும் தேடினேன். பிணவறைக்கு வெளியே இரண்டு முறை நின்றேன். ஒவ்வொரு மாலையும் சரியாக ஐந்தேகாலுக்குப் போன் ஒரு தடவை அதிரும். மனைவி அடுப்படியிலிருந்து என் முகத்தைப் பார்ப்பாள், நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். பிறகு இருவரும் சாப்பிட உட்காருவோம். என் வேலைப் பையைத் திறக்கும்போதெல்லாம், கேபிள் முனைக்காக அவரைத் திட்டினது ஞாபகம் வந்தது.

இருபத்தாறாம் நாள், மனுவின் இன்னொரு பிரதி வேண்டும் என்று கணவர் கேட்டார். வழக்கம்போல அதை எதிர்க்கடைக்கு அனுப்பிவைத்தார். நானே போய் வாங்கினேன். ஜெராக்ஸ் கடைக்காரர் சிக்கனமானவர். ரஃப் காப்பிதானே என்று, ஏற்கெனவே ஒரு பக்கம் மை பூசிக் கெட்டுப்போன தாளின் பின்பக்கத்தில் அச்சடித்துத் தந்தார். தெருவைக் கடக்கும்போது காற்றில் தாள் திரும்பிக்கொண்டது.

பின்பக்கம் ஆறாம் மேஜையின் பட்டியல். மூன்றாவது வரியில் மை கொஞ்சம் இழுத்திருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது. ஆண், சுமார் எழுபது. நீலக் கட்டச் சட்டை. வலக்கால் செருப்பு கருப்பு, இடக்கால் பழுப்பு. சட்டைப் பையில் பிளாஸ்டிக் துண்டுகள் பதினொன்று, பயன் தெரியவில்லை. எதைக் கேட்டாலும் எத்தனையாவது மாடி என்கிறார். தேதியைப் பார்த்தேன். வீட்டைவிட்டுப் போன அதே நாள், மதியம். இருபத்தாறு நாளாக ஆஸ்பத்திரியும் பிணவறையும் அலைந்திருக்கிறேன், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைப்போல. நடுத்தெருவில் நின்று சத்தமாக அழுதேன். ஒரு வேன்காரர் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்.

நேரே ஆறாம் மேஜைக்கு, அந்த மனைவியிடம் ஓடினேன்.

"மேடம், இது எங்க அப்பா! இங்க பாருங்க, மூணாவது வரி. பின்னாடி திருப்பிப் பாருங்க, நான் குடுத்த மனு."

அவர் தாளை வாங்கினார், மூன்றாவது வரியைப் படித்தார், தலையசைத்தார். திருப்பவில்லை.

"எனக்கு இந்தப் பக்கம் மட்டும்தாங்க அனுமதி."

"ஒரே ஒரு தடவை திருப்புங்க மேடம்."

"பின்பக்கம் ஐந்தாம் போர்ட்டோடது. நான் பாத்தேன்னா நானும் அவரும் பேசிக்கிட்டதா ஆயிடும்." அவர் உள்ளங்கை தாளின் மேல் இருந்தது. "இந்த மூணாவது வரிக்காரர் நல்லா இருக்காருங்க. நேத்துகூட மதியம் நல்லா சாப்பிட்டாரு. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

தடுப்பைச் சுற்றிப் போய்க் கணவரிடம் கொடுத்தேன். அவர் பட்டியல் உள்ள பக்கத்தைப் பார்க்காமல் இருக்க, கண்ணை மூடிக்கொண்டு தாளைத் திருப்பிவைத்தார். பிறகு என் மனுவை எனக்கே வாசித்துக் காட்டினார்.

"சார், உங்க சம்சாரம் அந்தப் பக்கம் உக்காந்திருக்காங்க. சத்தமா 'அது இவர்தான்'னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"பதினோரு மாசமா நாங்க ஒரு வார்த்தையும் பேசினதில்ல சுவிட்ச்காரரே," என்றார் அவர். பெருமையா துக்கமா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது.

ஒப்பீட்டம்மா மட்டும் அழுதார். "எனக்கு ரெண்டும் வரணும் தம்பி. என் ஸ்கிரீன்ல வந்தாத்தான் நான் சான்று எழுத முடியும். காகிதத்துல பாத்து எழுதினா என் வேலை போயிடும், சான்றும் செல்லாது." திரையைத் திருப்பிக் காட்டினார். இடப்பக்கம் ஒன்றும் இல்லை, வலப்பக்கமும் ஒன்றும் இல்லை.

இயக்குநரைப் பார்க்க இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் இருபத்தெட்டு. அவர் மேஜையின் மேல், நான் உள்ளே கொடுத்தனுப்பிய அந்தத் தாளை ஒரு கண்ணாடி உறைக்குள் வைத்திருந்தார்கள். கொலை நடந்த இடத்தில் எடுத்த கத்தியைப்போல.

"ரெண்டு பிரிவோட தகவலும் ஒரே தாள்ல," என்றார். "ஒரு வருஷமா ஒரு ஓட்டை இல்லாம வச்சிருந்தோம். கடைசில எங்க போய்ச் சேந்திருக்கு பாருங்க. ஜெராக்ஸ் கடை. அந்தக் கடையை நாளைக்கு மூடிடறோம். இதைக் கண்டுபிடிச்சு சொன்னதுக்கு உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

"சார், அவர் எங்கப்பா."

"இருக்கலாம். நான் இல்லைன்னு சொல்லலையே."

"எனக்கு ரெண்டு நிமிஷம் குடுங்க சார். சுவிட்சைத் திறந்து ஐந்து, ஆறு, ஒப்பீட்டு மேஜை, மூணையும் சேத்து விட்டுடறேன். சான்று வந்ததும் மறுபடி மூடிடலாம்."

"பாஸ்வேர்டு வேணுமே."

"உங்ககிட்ட கவர்ல குடுத்தேனே சார்? நான் நகல் வச்சுக்கலையே."

"ஒருத்தர் கையில முழுசா இருக்கறது ஆபத்துன்னு அதைப் பாதியா வெட்டினேன். ஒரு பாதி ஐந்தாம் மேஜை பெட்டகத்துல, ஒரு பாதி ஆறாம் மேஜை பெட்டகத்துல." அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ரெண்டையும் சேக்க முடியாது. நீங்க போட்ட முறைதானே தம்பி இது? இவ்வளவு நல்லா இருக்குன்னு வெளியூர்லேந்தெல்லாம் வந்து பாத்துட்டுப் போறாங்க."

காலில் விழாத குறையாகக் கேட்டேன். காப்பகத்துக்குள் போய் ஒருமுறை அப்பாவைப் பார்க்கவாவது விடுங்கள் என்றேன். சான்று இல்லாதவர் உள்ளே போக முடியாது. ஊழியர் போகலாம், கண்டெடுக்கப்பட்டவர் போகலாம். விதியை அவர் மனப்பாடமாகச் சொன்னார். கண்டெடுக்கப்பட்டவர் போகலாம் என்ற அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"அதெல்லாம் வேணாங்க," என்றாள் மனைவி, நான் சொன்னதைக் கேட்டதும். "நீங்களும் உள்ள போயிட்டா உங்களை யாருங்க தேடறது?"

"நீ இருக்கியே."

"நான் போய் எங்க எழுதிக்குடுப்பேன்? அதே ஐந்தாம் மேஜையிலதானே?"

அவள் சொன்னது சரி. ஆனால் அப்பாவுக்கு இன்னும் ஒரே ஒரு நாள் இருந்தது. உள்ளே போய்விட்டால் கையைப் பிடித்துக்கொள்ளலாம், அவரை எங்கே ஏற்றுகிறார்களோ அங்கே நானும் ஏறிக்கொள்ளலாம். அவ்வளவுதான் என் திட்டம். அடையாள அட்டையையும் போனையும் அவளிடம் கொடுத்துவிட்டு, இருபத்தொன்பதாம் நாள் காலை பஸ் நிலைய பெஞ்சில் போய் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் தெரியாது என்று சொன்னேன். பதினோரு மணிக்கு என்னைக் கண்டெடுத்தார்கள்.

ஆறாம் மேஜைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். தெரிந்துகொண்டார் என்பது எனக்குத் தெரிந்தது.

"பேரு?"

"ஞாபகம் இல்ல."

"சொந்தக்காரங்க யாராவது?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் மிகவும் மெதுவாக. அந்த அலுவலகத்தில் அன்று யாரும் அவ்வளவு நீளமாகப் பேசியிருக்க மாட்டார்கள்.

"யாரும் இல்லீங்க," என்றேன். மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். கைநாட்டு வைத்தேன்.

காப்பகம் சுத்தமாக இருந்தது. நீளமான வராந்தா, வரிசையாக அறைகள். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரையும் ஒரு கூடத்துக்கு விட்டார்கள், ஒருவருக்கு ஒரு மேஜை. மூன்றாவது மேஜையில் அப்பா. தாடி வளர்ந்து, இளைத்துப்போய், விரலுக்குள் என் பிளாஸ்டிக் முனை ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தார். காவலர் திரும்பிய நேரத்தில் போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"அப்பா."

அவர் என்னை மரியாதையாகப் பார்த்தார். "சாப்பிட்டீங்களா தம்பி? இங்க ரொட்டி நல்லா இருக்கு. எடுத்துக்கங்க." தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார். "கவலைப்படாதீங்க. என் மகன் வருவான். கம்பி வேலை பாக்கறான், கெட்டிக்காரன். எங்க அடைச்சிருந்தாலும் திறந்துடுவான். அவன்கிட்ட சொல்லி உங்களையும் கூட்டிட்டுப் போகச் சொல்றேன்."

நான் அந்த ரொட்டியைச் சாப்பிட்டேன். இத்தனை நாளில் பசியோடு சாப்பிட்டது அன்றுதான். நாளைக்கு எந்த ஊருக்கு அனுப்பினாலும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போகலாம் என்று நினைத்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகவே இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வேன் வந்தது. காவலர் பட்டியலைப் பார்த்து ஐந்து பேரைக் கூப்பிட்டார். அப்பா நான்காவது. அவருக்கு யாரோ ஒரே நிறத்தில் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். வேன் படியில் காவலர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"நீங்க எங்க போறீங்க?"

"இவர்கூட."

"இன்னிக்கு முப்பது நாள் ஆனவங்க மட்டும்தான். நீங்க நேத்துதானே வந்தீங்க? உங்களுக்கு இன்னும் இருபத்தொன்பது நாள் இருக்கு."

"இவரை எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"டிரைவருக்கே தெரியாதுங்க. கேட்டைத் தாண்டினப்புறம்தான் கவரைப் பிரிப்பாரு."

"ஐயா, இவர் என் அப்பா. நான் இவரோட மகன். எம் பேரு, விலாசம், எல்லாம் சொல்றேன், எழுதிக்கங்க."

காவலர் கெட்டவர் இல்லை. பொறுமையாகத் தன் அட்டையில் இருந்த தாள்களைப் புரட்டி, என்னுடையதைத் தேடி எடுத்து, என் கண்ணெதிரே பிடித்தார். உறவினர் என்ற இடத்தில் இல்லை என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே கருநீல ரேகை.

"இது உங்க கைநாட்டுதானே?"

என் கட்டைவிரலில் மை இன்னும் போகவில்லை.

"ஆமா," என்றேன்.

கதவைச் சாத்தினார்கள்.